ஆண்களுக்கும் வரும்: எலும்புப்புரையோடு வாழ்ந்து நான் தெரிந்துகொண்டவை

எனக்கு எலும்புப்புரை (எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) என்று சொன்னால் கேட்பவர்களில் பாதிப் பேர் உடனே திருப்பிக் கேட்பார்கள்: "அது பொம்பளைங்களுக்கு வர்றதாச்சே?" பெண்களுக்குத்தான் அதிகம், மறுப்பதற்கில்லை. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூன்றில் ஒருவருக்கு, மீதி ஆயுளில் எலும்பு வலுவிழந்ததால் ஒரு முறிவாவது ஏற்படும் என்று சர்வதேச எலும்புப்புரை அறக்கட்டளை சொல்கிறது. அதே கணக்கில் ஆண்களின் பங்கு ஐந்தில் ஒருவர். ஐந்தில் ஒருவர் என்பது ஒதுக்கித் தள்ளக்கூடிய எண்ணிக்கை இல்லை. ஆனாலும் முதுகைப் பிடித்துக்கொண்டு வரும் ஓர் ஆணைப் பார்த்ததும் எலும்புப்புரையை நினைப்பவர்கள் குறைவு.

எனக்கு வந்ததற்குக் காரணம் தெளிவாகவே இருந்தது. முடக்குவாதத்துக்காகப் பல வருடங்களாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தேன். முடக்குவாதமே எலும்பைக் கரைக்கும் நோய்தான். அதற்கு மேல் ஸ்டீராய்டு. என் அம்மாவுக்கு வயதான காலத்தில் தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. இடுப்பு முறிவு என்று சொல்வது இதைத்தான். பெற்றோரில் ஒருவருக்கு அப்படி முறிந்திருந்தால் பிள்ளைகளுக்கும் அபாயம் கூடும். போதாததற்கு நான் ஒல்லி உடம்பு. இத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தும் யாரும் என்னை ஸ்கேனுக்கு அனுப்பவில்லை. மூட்டு வீக்கம் குறைகிறதா என்பதுதான் அப்போது எல்லோருடைய கவலையும்.

ஒரு நாள் குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கினேன். பெரிய பாரம்கூட இல்லை. முதுகின் நடுவில் சுருக்கென்று வலித்தது. அப்புறம் நிற்கவும் முடியவில்லை, இருமவும் முடியவில்லை. படுத்தால் மட்டும் கொஞ்சம் தேவலை. தசைப்பிடிப்பு என்று வலி மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். சில வாரங்களில் வலி ஓரளவு அடங்கியது. வாதநோய் மருத்துவரிடம் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் என்னைச் சுவரோரம் நிற்க வைத்து உயரத்தை அளந்துவிட்டு, "இளமையில் எவ்வளவு உயரம் இருந்தீங்க?" என்று கேட்டார். நான் சொன்னதற்கும் அவர் அளந்ததற்கும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். உடனே முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

நெஞ்சுப் பகுதியின் கடைசி முதுகெலும்பு முன்பக்கம் அமுங்கி ஆப்பு வடிவத்தில் இருந்தது. அதற்கு மேலே இன்னொன்றும் அமுங்கியிருந்தது. அந்த இரண்டாவது எப்போது முறிந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. மருத்துவருக்கு அதில் ஆச்சரியம் இல்லை. முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, முறியும் சமயத்தில் யாருடைய கவனத்துக்கும் வருவதில்லையாம். வயதானால் கூன் விழும், உயரம் குறையும், முதுகு வலிக்கும் என்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்வதில் பாதி இப்படி அமுங்கிய எலும்புகள்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆகவே முதல் யோசனை, செலவே இல்லாதது: வருடத்துக்கு ஒரு முறை உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டது சிகிச்சையைப் பொறுத்துக்கொள்ள எனக்கு உதவியது. எலும்பு ஒரு முறை வளர்ந்து முடிந்து அப்படியே கிடக்கும் பொருள் இல்லை. பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிய எலும்பை இடும் செல்கள் மறுபக்கம் என்று வேலை ஓயாமல் நடக்கிறது. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. 30 வயது வாக்கில் சேமிப்பு உச்சத்துக்கு வருகிறது. அதன் பிறகு அரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முந்துகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சடாரென்று குறைவதால் அரிக்கும் செல்களுக்குக் கடிவாளம் போய்விடுகிறது. அடுத்த சில வருடங்களில் இழப்பு வேகமாக நடக்கும். 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கும், கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்கும் இந்தக் கணக்கு சீக்கிரமே தொடங்கிவிடுகிறது.

ஸ்டீராய்டு வேறு வழியில் வேலை செய்கிறது. புதிய எலும்பு இடும் செல்களையே அது முடக்குகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவதையும் குறைக்கிறது. முதல் சில மாதங்களில்தான் இழப்பு மிக வேகம் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டபோது எனக்குக் கோபம் வந்தது. தினமும் 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோனை 3 மாதத்துக்கு மேல் சாப்பிடப் போகிறவர்களுக்கு எலும்பு முறியும் அபாயத்தைத் தொடக்கத்திலேயே கணிக்க வேண்டும் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே, எந்த நோய்க்காக இருந்தாலும் சரி, ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் எழுதித் தந்தால் "என் எலும்புக்கு என்ன செய்யப் போகிறோம்?" என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். உடம்பு தானே சுரக்கும் ஹார்மோன் அதற்குள் படுத்துப் போயிருக்கும். நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்படி மெதுவாகத்தான் குறைக்க முடியும்.

மூட்டுத் தேய்மானத்தையும் எலும்புப்புரையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்களை நிறையப் பார்க்கிறேன். முழங்கால் வலிப்பது மூட்டுக் குருத்தெலும்பு சம்பந்தப்பட்டது. எலும்புப்புரையோ எலும்பு முறியும் வரை வலிக்காது. "எனக்கு வலியே இல்லை, எலும்பு நல்லா இருக்கு" என்பதை நம்ப முடியாது.

அடுத்தது எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். படுக்கையில் சும்மா படுத்திருக்க வேண்டும். இயந்திரத்தின் கை ஒன்று நமக்கு மேலே நகர்ந்து போகும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். சுரங்கம் போன்ற குழாய்க்குள் போக வேண்டியதில்லை. கதிர்வீச்சு ஒரு மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. அறிக்கையில் பார்க்க வேண்டியது டி-ஸ்கோர். ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு நம்முடையதை ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் அடர்த்திக் குறைவு; மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த எல்லைகள் இவை. பக்கத்திலேயே இசட்-ஸ்கோர் என்று ஒன்று இருக்கும். அது நம் வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது; அது நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

என் அறிக்கையில் ஒரு வேடிக்கை. இடுப்பில் மைனஸ் 2.7, முதுகில் மைனஸ் 1.9. முறிந்ததோ முதுகு, எண் நன்றாக இருப்பதும் முதுகு! காரணம் எளிது. அமுங்கிய எலும்பில் அதே கனிமம் சின்ன இடத்தில் நெருங்கிக் கிடப்பதால் அடர்த்தி கூடியதுபோலக் காட்டும். வயதானவர்களின் முதுகில் தேய்மானத்தால் வளரும் எலும்பு முளைகளும் எண்ணை இப்படி உயர்த்தும். அதனால் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சாதாரணமாக நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறிந்தால், பெட்டியைத் தூக்கி முதுகெலும்பு அமுங்கினால், அடர்த்தி எவ்வளவு இருந்தாலும் அந்த எலும்பு பலவீனம் என்றுதான் அர்த்தம். மாவுக்கட்டுப் போட்டு எலும்பு கூடியதோடு பலரும் கதையை முடித்துவிடுகிறார்கள். அடுத்த முறிவுக்கான அபாயம் மிக அதிகமாக இருப்பது முதல் முறிவுக்குப் பின் வரும் இரண்டு வருடங்களில்தான். முறிவைச் சரிசெய்யும் மருத்துவரிடம் "எலும்பு எப்போது கூடும்?" என்பதோடு "இது ஏன் முறிந்தது?" என்றும் கேட்க வேண்டும். இந்தப் பதிவிலிருந்து ஒரே ஒரு வரியைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனுக்குப் பிறகு ஒரு கட்டு ரத்தப் பரிசோதனை. கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம், தைராய்டு, பாராதைராய்டு ஹார்மோன், ஆண் என்பதால் டெஸ்டோஸ்டிரோன். காரணம்தான் தெரியுமே, இது எதற்கு என்று நினைத்தேன். ஒரு காரணம் இருப்பதால் இன்னொன்று இருக்காது என்று சொல்ல முடியாதாம். மைலோமா என்ற எலும்புமஜ்ஜைப் புற்றுநோயும் முதுகெலும்பு முறிவாகத் தலைகாட்டலாம் என்பதால் அதற்கும் ஒரு பரிசோதனை. எனக்குக் கிடைத்தது வைட்டமின் டி குறைபாடு மட்டும்.

மருந்து விஷயத்தில் பயம் அதிகம், விவரம் குறைவு. பொதுவாக முதலில் தருவது, எலும்பை அரிக்கும் செல்களை அடக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை, வாரம் ஒரு முறை. அதற்கு விதிகள் உண்டு: காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு, பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, கால்சியம் மாத்திரையும் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகும். வயிற்றில் வேறு எதாவது இருந்தால் உடம்பில் சேராது. எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு என்பதால் அது சரிப்படவில்லை. வருடத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட்டுக்கு மாறினோம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தி 2007-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், மூன்று வருடங்களில் அது முதுகெலும்பு முறிவுகளை 70 சதவீதமும் இடுப்பு முறிவுகளை 41 சதவீதமும் குறைத்திருந்தது. முதலில் வைட்டமின் டி-யைச் சரி செய்துவிட்டுத்தான் ஏற்றினார்கள். இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்தே ஒத்துவராது.

முதல் முறை ஏற்றிய மறுநாள் நல்ல காய்ச்சல், அடித்துப் போட்டதுபோல உடம்பு வலி. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. பாராசிட்டமாலும் நிறையத் தண்ணீரும் போதுமானதாக இருந்தது. அடுத்த முறை அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, பெரும்பாலோருக்கும் அப்படித்தானாம்.

"தாடை எலும்பு அழுகிப் போகுமாமே" என்று என்னைப் பயமுறுத்தியவர்கள் உண்டு. தாடை எலும்பு பாதிப்பு உண்மைதான். ஆனால் எலும்புப்புரைக்குத் தரும் அளவில் அது மிக அரிது. புற்றுநோய்க்காக அதே வகை மருந்தை அதிக அளவில், அடிக்கடி ஏற்றுபவர்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. நான் மருந்து தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் போய்ப் பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிட்டேன். இன்னொரு அரிய பிரச்சினை, பல வருடங்கள் எடுத்த பிறகு தொடையெலும்பின் நடுத்தண்டில் வரும் முறிவு. தொடையிலோ கவட்டையிலோ காரணமில்லாத மந்தமான வலி அதற்கு முன்னறிகுறி. வந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இதனால்தான் மாத்திரை என்றால் 5 வருடம், நரம்பில் ஏற்றுவது என்றால் 3 வருடம் கழித்து, தொடர்வதா இடைவெளி விடுவதா என்று மருத்துவர்கள் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்.

என் அக்காவுக்கு வேறு மருந்து. டெனோசுமேப் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஊசி. வசதியானது, ஆனால் இடைவெளி விட முடியாத மருந்து. தவணை தள்ளிப்போனாலோ, வேறு மருந்துக்கு மாறாமல் நிறுத்தினாலோ, அது அடக்கி வைத்திருந்த எலும்பு அரிப்பு பாய்ந்து கிளம்பி ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் முறியலாம். அக்காவின் பீரோ கதவில் அடுத்த ஊசித் தேதி பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். ஊரையே மறந்தாலும் அதை மறக்க மாட்டாள். டெரிபாரடைடு, ரோமோசோசுமேப் என்று புதிய எலும்பை வளர்க்கும் மருந்துகளும் இருக்கின்றன. முறிவு அபாயம் மிக அதிகமானவர்களுக்கு அவற்றை முதலிலேயே தருவதுண்டு. குறிப்பிட்ட காலம் முடிந்ததும் கிடைத்ததைக் காக்க வேறு மருந்து தொடர வேண்டும்.

கால்சியம் பற்றி எல்லோரிடமும் ஓர் ஆலோசனை இருக்கிறது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் 70-ஐத் தாண்டிய ஆண்களுக்கும் நாளுக்கு 1,200 மில்லிகிராம், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. உணவில் கிடைப்பதை முதலில் கணக்குப் போட்டுவிட்டுக் குறைவதற்கு மட்டும் மாத்திரை. ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் உடம்பு அதே விகிதத்தில் எடுத்துக்கொள்ளாது. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். சிட்ரேட் எப்போது வேண்டுமானாலும். அளவு மீறினால் சிறுநீரகக் கல். வைட்டமின் டி-யும் அப்படித்தான், அதிகம் என்றால் நல்லது என்று இல்லை. வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கொடுக்கப்பட்ட பெண்கள் அதிகமாக விழுந்தார்கள், அதிகமாக முறித்துக்கொண்டார்கள். குறைபாடு இருந்தால் சரி செய்யுங்கள், அவ்வளவுதான். கால்சியமும் வைட்டமின் டி-யும் மட்டும் எலும்புப்புரைக்குச் சிகிச்சை ஆகாது.

எனக்கு உண்மையில் வாழ்க்கையை மாற்றியது பிசியோதெரபிதான். முறிவுக்குப் பிறகு கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல என் உடம்பை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். எதையும் தூக்குவதில்லை, குனிவதில்லை. பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, "இப்படியே இருந்தீங்கன்னா மிச்சமும் கரைஞ்சுடும் சார்" என்றார். எலும்பு தன் மேல் விழும் பளுவுக்கு ஏற்ப வலுப்பெறுகிறது. பளு இல்லாவிட்டால் கரைகிறது. விண்வெளி வீரர்கள் எடையற்ற நிலையில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் இடுப்பெலும்பு அடர்த்தியை இழக்கிறார்கள்.

நடைப்பயிற்சி இதயத்துக்கும் மனதுக்கும் நல்லது. எலும்பை வளர்க்க அது மட்டும் போதாது. நீச்சலும் சைக்கிளும் இன்னும் குறைவு, ஏனென்றால் அவற்றில் உடம்பின் எடை எலும்பின் மேல் இறங்குவதில்லை. தசையை எதிர்விசைக்கு எதிராக வேலை வாங்கும் பயிற்சிதான் வேண்டும். எனக்கு முதலில் நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. அப்புறம் ரப்பர் பட்டை. அப்புறம் சின்ன எடைகள், மெதுவாகக் கூட்டிக்கொண்டு. முதுகை நிமிர்த்தும் தசைகளுக்கு, குப்புறப் படுத்துத் தோள்களை லேசாகத் தூக்கும் பயிற்சி. மாதவிடாய் நின்ற, அடர்த்தி குறைந்த பெண்கள் கண்காணிப்போடு கனமான எடைகளைத் தூக்கி அடர்த்தியைக் கூட்டிக்கொண்டதை ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. என் போல முறிந்தவர்கள் தாமாக அதில் இறங்கக் கூடாது. பக்கத்தில் தெரிந்த ஆள் வேண்டும்.

செய்யக் கூடாததும் உண்டு. முதுகை வளைத்துக் கால்விரலைத் தொடுவது, படுத்தபடி தலையைத் தூக்கி எழும் வயிற்றுப் பயிற்சி, குனிந்த நிலையில் உடம்பைத் திருப்பிப் பாரம் எடுப்பது, இவை முதுகெலும்பின் முன்பக்கத்தில் அழுத்தத்தைக் குவிக்கின்றன. யோகா செய்பவர்கள் முன்னால் வளையும் ஆசனங்களை விட்டுவிட வேண்டும், எவ்வளவு பழக்கமானாலும். தரையில் கிடப்பதை எடுக்க முதுகை நேராக வைத்து, இடுப்பை மடக்கி, முழங்காலை மடக்கி இறங்குகிறேன். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுகிறேன். தும்மல் வந்தால் ஒரு கையால் சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு முதுகை நிமிர்த்திக்கொள்கிறேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும்.

விழாமல் இருப்பது தனிப் பாடம். இடுப்பெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் விழுவதால் வருபவை. அப்படி முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி தனியாக நடமாடுவதில்லை. அம்மா விழுந்தது இரவில், கழிவறைக்குப் போகும்போது. தூக்க மாத்திரையின் மயக்கம் வேறு. அதனால் வீட்டில் படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு, குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை. வழுக்கும் மிதியடிகளைத் தூக்கிப் போட்டோம். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை போன்றவற்றில் எது தலைசுற்ற வைக்கிறது என்று மருத்துவரோடு உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துக் குறைத்தோம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போடும் பைஃபோக்கல் கண்ணாடியோடு படி இறங்குவதும் ஆபத்து, கீழ்ப்படி மங்கலாகத் தெரியும். தினமும் சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியை நானும் மனைவியும் சேர்ந்தே செய்கிறோம்.

மனைவியும் ஸ்கேன் எடுத்தாள். மைனஸ் 1.8. எனக்கு மருந்து ஏற்றியதால் தனக்கும் வேண்டும் என்று அவள் நினைத்தாள். மருத்துவர் வேண்டாம் என்றார். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஃப்ராக்ஸ் என்ற கணிப்பானில் வயது, எடை, பழைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகை, மது, ஸ்டீராய்டு எல்லாம் போட்டுப் பார்த்தார். அடுத்த பத்து வருடத்தில் முறிவு வரும் வாய்ப்பு அவளுக்குக் குறைவாகவே வந்தது. உடற்பயிற்சி, புரதம் குறையாத சாப்பாடு, சில வருடம் கழித்து மறு ஸ்கேன், அவ்வளவுதான். ஒரே வீட்டில் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு மருந்தில்லை. இரண்டும் சரியான முடிவுதான்.

என் இரண்டாவது ஸ்கேனில் இடுப்பு எண் பெரிதாக ஏறவில்லை. எனக்கு ஏமாற்றம். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டே இறங்காமல் நிற்பதே நல்ல செய்தி, மருந்தின் பலனை அந்த எண் முழுதாகக் காட்டாது, புதிதாக எதுவும் முறியவில்லை என்பதைப் பாருங்கள் என்றார் மருத்துவர். எக்ஸ்ரேயிலும் புதிதாக எதுவும் அமுங்கவில்லை. இதற்கிடையே வாதத்துக்கு வேறு மருந்து சேர்த்து ஸ்டீராய்டு அளவையும் குறைத்துவிட்டார்கள். மூன்றாவது ஸ்கேனை எங்கே எடுப்பது என்று கேட்டேன். "முன்னாடி எடுத்த அதே மெஷின்லயே எடுங்க" என்றார். இயந்திரத்துக்கு இயந்திரம் அளவு மாறும். மாற்றினால் ஏறியதா இறங்கியதா என்று ஒப்பிடவே முடியாது. பழைய அறிக்கைகளை ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன், உயரம் எழுதிய தாளோடு சேர்த்து.